ஊர் மைதானத்தின் குரலைப் பதிவு செய்வது எப்படி

ஒவ்வொரு வட்டாரத்திலும் மைக் பிடிக்க என்றே ஒருவர் இருப்பார். பொங்கலுக்கு நடக்கும் கபடி, கோயில் கொடைக்கு நடக்கும் கைப்பந்து, கோடை விடுமுறையில் நடக்கும் கிரிக்கெட், எதுவானாலும் கமிட்டிக்காரர்கள் முதலில் அவரிடம்தான் தேதி கேட்பார்கள். அவர் வர முடியாது என்றால் போட்டியையே அடுத்த வாரத்துக்குத் தள்ளி வைப்பார்கள். சிலர் பக்கத்து வானொலி நிலையத்திலும் பேசியிருப்பார்கள். ஆனால் அவர்களைப் பற்றி எங்கும் ஒரு பக்கம்கூட எழுதியிருக்காது. ஆட்டக்காரருக்காவது ஒரு கோப்பை, ஒரு சான்றிதழ், ஒரு குரூப் போட்டோ மிஞ்சும். வர்ணனையாளர் பேசியது அன்றைக்கே காற்றோடு போய்விடும்.

எனக்குக் கபடி பார்க்கக் கற்றுக்கொடுத்தது எங்கள் உடற்கல்வி ஆசிரியரின் குரல். தூத்துக்குடி, திருநெல்வேலி பக்கத்து மைதானங்களில் அவர் பெயரைச் சொன்னால் பாதிப் பேருக்குத் தெரியாது. ‘மைக் சார்’ என்றால் எல்லோருக்கும் தெரியும். அவருடைய வாழ்க்கையை நானும் சில நண்பர்களும் சேர்ந்து பதிவு செய்தோம். உங்கள் ஊர் வர்ணனையாளருக்கு நீங்களும் இதைச் செய்ய வேண்டும் என்ற ஆசையில்தான் இதை எழுதுகிறேன்.

முதலிலேயே ஒன்று சொல்லிவிடுகிறேன். பிறந்த தேதி, படிப்பு, வேலை, வாங்கிய பொன்னாடை என்று ஆரம்பிக்காதீர்கள். அப்படி ஆரம்பித்தால் ஓய்வு பெறும் விழா மலரில் வருகிற இரண்டு பக்கக் கட்டுரைதான் கிடைக்கும். அவருடைய குரல் எங்கே இருக்கிறது என்று தேடுங்கள். அதைத் தேடிப் போனால் தேதியும் பெயரும் மனிதர்களும் பின்னாலேயே வருவார்கள்.

கேசட் யார் வீட்டில் இருக்கும்?

பெரும்பாலும் அவர் வீட்டில் இருக்காது. பேசுகிறவருக்குத் தன் பேச்சைப் பதிவு செய்ய நேரம் ஏது? முதலில் மைக் செட்காரரிடம் போங்கள். ஆம்ப்ளிபயரோடு ஒரு டேப் ரெக்கார்டரையும் இணைத்து வைப்பது பல மைக் செட்காரர்களுக்குப் பழக்கம். அடுத்து, ஜெயித்த அணியின் கேப்டன்கள். அப்புறம், வளைகுடா நாடுகளில் வேலை பார்த்தவர்களின் வீடுகள். போன் பேசுவது பெரிய செலவாக இருந்த காலத்தில் வீட்டு விசேஷத்தையும் ஊர்த் திருவிழாவையும் கேசட்டில் பிடித்து அனுப்புவார்கள் இல்லையா, அதில் போட்டி வர்ணனையும் இருக்கும். எங்களுக்குக் கிடைத்ததிலேயே நல்ல கேசட் அப்படி வெளிநாடு போய்த் திரும்பி வந்ததுதான். மேலே ‘அம்மா பேச்சு + பைனல்’ என்று பேனாவில் எழுதியிருந்தது.

வானொலியில் பேசியவராக இருந்தால் நிலையத்தில் எல்லாம் பத்திரமாக இருக்கும் என்று நம்பி உட்கார்ந்துவிடாதீர்கள். ஒலிநாடாவை அழித்துத் திரும்பப் பயன்படுத்துவது உலகம் முழுக்க ஒலிபரப்பு நிலையங்களில் இருந்த வழக்கம். கேட்டுப் பார்க்க வேண்டியதுதான், எழுத்து மூலமாகவே கேளுங்கள். ஆனால் அதே நேரத்தில், வீட்டில் ரேடியோவுக்குப் பக்கத்தில் டேப் ரெக்கார்டரை வைத்துப் பதிவு செய்த நேயரையும் தேடுங்கள். பல ஒலிபரப்புகளுக்கு அவர் வைத்திருக்கும் பிரதிதான் மிச்சம்.

கேசட் கைக்கு வந்ததும் உடனே போட்டுக் கேட்கத்தான் கை பரபரக்கும். பொறுங்கள். முதலில் மேல் விளிம்பில் இருக்கும் இரண்டு சின்ன பிளாஸ்டிக் பட்டைகளை உடைத்துவிடுங்கள். அதற்குப் பிறகு அந்தக் கேசட்டில் தவறிக்கூட எதுவும் பதிவாகாது. உள்ளே நாடாவின் மேல் வெள்ளையாகப் பூசணம் தெரிகிறதா என்று வெளிச்சத்தில் பாருங்கள். தெரிந்தால் அதை ஓட்டவே வேண்டாம். ஒரு கவரில் தனியாகப் போட்டு, தெரிந்தவர் யாரிடமாவது கொடுங்கள். பூசணம் டேப் ரெக்கார்டருக்குள் போய் அடுத்தடுத்த கேசட்டையும் கெடுத்துவிடும். நாடாவை அழுத்திப் பிடிக்கும் சின்னப் பஞ்சுத் துண்டு விழுந்திருந்தால், சுருளை அப்படியே எடுத்து, திருகாணி போட்ட வேறு கேசட் கூட்டுக்குள் மாற்றிவிடலாம். கை நடுக்கம் இல்லாத ஒருவர் நிதானமாகச் செய்தால் முடிகிற வேலை. சி-120 என்று போட்ட கேசட்டுகளில் நாடா ரொம்ப மெல்லியது. அவற்றை மட்டும் கூடுதல் கவனத்தோடு கையாளுங்கள்.

ஓட்டுவதற்கு முன் டேப் ரெக்கார்டரில் நாடாவைப் படிக்கும் ஹெட்டை ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சால் துடையுங்கள். கேசட்டை ஒரு தடவை முழுக்க முன்னால் ஓட்டி, பின்னால் ஓட்டி எடுங்கள். பல வருடம் சும்மா கிடந்த நாடா ஒட்டிக்கொண்டிருக்கும், அது பிரிந்து வரும். ஹெட்டுக்குப் பக்கத்தில் ஒரு குட்டித் திருகாணி உண்டு. கேட்டுக்கொண்டே அதை நூலளவு திருப்பினால், மந்தமாக இருக்கும் குரல் ஒரு இடத்தில் பளிச்சென்று திறக்கும். எந்த மெஷினில் பதிவு செய்தார்களோ அதன் ஹெட் கோணத்துக்கு உங்கள் மெஷினைக் கொண்டுவருவதுதான் இது. இந்த ஒரு திருப்பலில் கிடைக்கும் தெளிவை எந்தக் கம்ப்யூட்டர் மென்பொருளும் பின்னால் கொடுக்காது.

டேப் ரெக்கார்டரின் லைன் அவுட் துளையிலிருந்து கம்பி எடுத்துக் கம்ப்யூட்டரில் பதிவு செய்யுங்கள். ஆடாசிட்டி என்ற மென்பொருள் போதும், இலவசம்தான். வேவ் கோப்பாக, 24 பிட், குறைந்தது 48 கிலோஹெர்ட்ஸில் வையுங்கள். 96 ஆனால் இன்னும் நல்லது. எம்பி3 என்பது வாட்ஸ்அப்பில் சொந்தக்காரர்களுக்கு அனுப்ப மட்டும். மூலக் கோப்பில் இரைச்சலைக் குறைக்கிறேன் என்று எதையும் செய்யாதீர்கள். கூட்டத்தின் சத்தம், குழாய் ஸ்பீக்கரின் எதிரொலி, நடுவில் வந்துபோகும் ஜெனரேட்டர், எல்லாம் சேர்ந்துதான் அந்த மைதானம். சுத்தம் செய்த பிரதி வேண்டுமென்றால் தனியாக இன்னொன்று செய்துகொள்ளுங்கள்.

சாரோடு உட்கார்வது

‘‘எப்ப சார் மைக் பிடிக்க ஆரம்பிச்சீங்க?’’ என்று கேட்டால், ‘‘அது ஆச்சு ரொம்ப காலம்’’ என்று பதில் வரும். அவ்வளவுதான், பேட்டி அங்கேயே படுத்துவிடும். கேசட்டைக் கம்ப்யூட்டருக்கு மாற்றி எடுத்த பிறகு போய், அவருடைய பழைய வர்ணனை ஒன்றைப் போட்டுக் காட்டுங்கள். இன்னொரு கருவியில் அவர் கேட்கும்போது சொல்வதைப் பதிவு செய்துகொண்டே இருங்கள். எங்கள் சார் முதலில் கண்ணை மூடிக் கேட்டார். கொஞ்ச நேரத்தில், கேசட்டில் தன் குரல் சொல்வதற்கு அரை நொடி முன்னாலேயே, ‘‘இப்ப வலது கார்னர் விழுவான் பாரு’’ என்றார். விழுந்தான். அப்புறம் ஓரத்தில் நின்று பிடிக்கும் அந்தக் கார்னர் ஆட்டக்காரர் யார், எந்த ஊர், இப்போது என்ன செய்கிறான், அவனுக்குத் தோள்பட்டை இறங்கியது எந்த வருஷம் என்று எல்லாம் வந்தது. ஒரு கேள்வியும் நாங்கள் கேட்கவில்லை.

பேட்டிக்குப் போகும்போது மின்விசிறியை நிறுத்தச் சொல்ல வேண்டியிருக்கும். வயதானவரிடம் அதைச் சொல்லக் கூச்சமாக இருந்தால் காலையில் சீக்கிரம் போய்விடுங்கள். ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் உட்காராதீர்கள். குரல் களைத்த பிறகு சொல்வது வேறு மாதிரி இருக்கும். தொண்டை விஷயத்தில் இவர்கள் எல்லோரும் கவனமானவர்கள், நாமும் அதை மதிக்க வேண்டும்.

கேட்க வேண்டிய கேள்விகளில் சிலவற்றைச் சொல்கிறேன். யாரைக் கேட்டு வளர்ந்தார்? தமிழ் வர்ணனை என்றால் பலரும் முதலில் சொல்வது வானொலியில் கிரிக்கெட் வர்ணனை செய்த சாத்தான்குளம் அப்துல் ஜப்பார், கூத்தபிரான் போன்றவர்களை. தென்மாவட்டங்களிலும் கடற்கரை ஊர்களிலும் இலங்கை வானொலியின் தமிழ் அறிவிப்பாளர்களையும் சொல்வார்கள். ‘அவங்க கிட்ட இருந்து என்ன எடுத்துக்கிட்டீங்க’ என்று அடுத்துக் கேளுங்கள். ஒருவர் உச்சரிப்பை எடுத்திருப்பார், இன்னொருவர் வேகத்தை. எங்கள் சார் எடுத்துக்கொண்டது நிறுத்தத்தை. எந்தச் சொல்லுக்கு முன்னால் ஒரு கணம் நிற்க வேண்டும் என்பதை ரேடியோ கேட்டுத்தான் படித்தேன் என்றார்.

பேசும்போது யாரை மனதில் வைத்துப் பேசினார் என்று கட்டாயம் கேளுங்கள். 1927-ல் பிபிசி தன் முதல் நேரடி விளையாட்டு வர்ணனையை ஒலிபரப்பியபோது, பேசிய வேக்லம் என்பவருக்குப் பக்கத்தில் கண் பார்வை இல்லாத ஒருவரை உட்கார வைத்தார்கள். அவருக்கு விளங்கும்படி சொன்னால் ரேடியோ கேட்கும் எல்லோருக்கும் விளங்கும் என்று. இதைச் சாரிடம் சொன்னபோது அவர் உடனே சொன்ன பதில்: ‘‘எனக்குக் கூட்டத்துக்குப் பின்னால நிக்கிற குட்டைப் பையன்தான். அவனுக்கு ஒண்ணும் தெரியாது, முன்னால நிக்கிறவன் முதுகுதான் தெரியும். அவனுக்காகத்தான் பேசுவேன்.’’ அவருடைய வர்ணனை முழுவதையும் விளங்கிக்கொள்ள எங்களுக்கு இந்த ஒரு பதில் போதுமாக இருந்தது. மைதானத்தில் எல்லோரும் கண்ணால் பார்க்கிற ஆட்டத்தை ஏன் இவர் கை எங்கே, கால் எங்கே என்று இவ்வளவு விவரமாகச் சொல்கிறார் என்பது அன்றைக்குத்தான் புரிந்தது.

ஸ்கோரை எப்படி நினைவு வைத்துச் சொன்னார்? அமெரிக்காவில் ரெட் பார்பர் என்ற பேஸ்பால் வர்ணனையாளர் மூன்று நிமிட மணல் கடிகாரம் ஒன்றைப் பக்கத்தில் வைத்திருப்பார். மணல் இறங்கியதும் ஸ்கோரைச் சொல்லிவிட்டுத் திருப்பி வைப்பார். உங்கள் ஊர்க்காரருக்கும் இப்படி ஒரு வழி இருக்கும். அது ஒரு சிலேட்டாக இருக்கலாம், பக்கத்தில் உட்கார்ந்து தொடையில் தட்டும் ஒரு பையனாக இருக்கலாம். அந்தப் பையன் யார் என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள், பின்னால் அவரையும் பார்க்க வேண்டும்.

ஆட்டக்காரர் பெயர்களை எப்படித் தெரிந்துகொண்டார், தன் பள்ளி அணி ஆடும்போது குரல் மாறியதா, கமிட்டியோடு சண்டை வந்ததுண்டா என்று கேளுங்கள். காசு பற்றிக் கேட்கவும் தயங்க வேண்டாம். பலருக்குக் கிடைத்தது ஒரு துண்டும் பஸ் காசும்தான். அது எழுதப்பட வேண்டிய விஷயம்.

அடிபட்டு ஒரு பையன் எழுந்திருக்காமல் கிடந்தால் மைக்கில் என்ன சொல்வீர்கள் என்று கேட்டோம். சார் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்: ‘‘அவன் எந்திரிக்கிற வரைக்கும் பேர் சொல்ல மாட்டேன். அவன் அம்மா கூட்டத்துல நிப்பா. ஸ்பீக்கர்ல கேட்டுத் தெரிஞ்சுக்கக் கூடாது.’’ இப்படிப்பட்ட பதில்களுக்காகத்தான் இந்த வேலையே. அது வரும்போது அடுத்த கேள்விக்குத் தாவாதீர்கள்.

தேதி பிடிப்பது

இதில்தான் நிறையப் பேர் சோர்ந்துபோவார்கள். மனிதர்கள் வருடத்தைச் சொல்ல மாட்டார்கள், சம்பவத்தைச் சொல்வார்கள். ‘எம்.ஜி.ஆர் இறந்ததுக்கு அடுத்த பொங்கல்’ என்றால் ஜனவரி 1988. ‘சேப்பாக்கத்துல டெஸ்ட் டை ஆச்சே, அப்ப’ என்றால் செப்டம்பர் 1986. ‘தாமிரபரணியில வெள்ளம் வந்த வருஷம்’ என்றால் எங்கள் பக்கத்தில் 1992. ‘பெய்ஜிங்ல கபடி சேத்தாங்களே’ என்றால் 1990 ஆசிய விளையாட்டு. இப்படி உங்கள் வட்டாரத்துச் சம்பவங்களுக்கு ஒரு பட்டியல் தயார் செய்து நோட்டின் முதல் பக்கத்தில் ஒட்டிக்கொள்ளுங்கள். பேட்டியின்போது குறுக்கே ‘அது எந்த வருஷம்’ என்று கேட்டு ஓட்டத்தைக் கெடுக்க வேண்டியதில்லை.

போட்டி நோட்டீஸ் ஒரு தங்கச் சுரங்கம். ரோஸ், மஞ்சள், பச்சைத் தாளில் அடித்து, மேலே சாமி பெயர், நடுவில் பரிசு விவரம், கீழே கமிட்டியார் பெயர்கள், ஓரத்தில் ‘வர்ணனை’ என்று போட்டு அவர் பெயர். அச்சகத்தின் பெயர் அடியில் பொடி எழுத்தில் இருக்கும். அந்த அச்சகம் இன்னும் இருந்தால் அங்கே பழைய நோட்டீஸ் கட்டு கிடைக்க வாய்ப்புண்டு. பல நோட்டீஸில் ஆங்கில வருடமே இருக்காது, தமிழ் வருடமும் மாதமும் கிழமையும்தான் இருக்கும். தமிழ் வருடப் பெயர் 60 ஆண்டுகளுக்கு ஒரு முறைதான் திரும்பும் என்பதால் அதை வைத்து வருடத்தைப் பிடித்துவிடலாம். ஆனால் மார்கழியின் பிற்பாதியும் தை, மாசி, பங்குனி மாதங்களும் அடுத்த ஆங்கில வருடத்தில் வரும் என்பதைக் கணக்கில் கொள்ளுங்கள். ருத்ரோத்காரி வருடம் 1983 ஏப்ரலில் பிறந்தது, அந்த வருடத்துத் தைப்பொங்கல் 1984 ஜனவரி.

தமிழ் வருடமும் இல்லையென்றால் மாவட்டப் பெயரைப் பாருங்கள். தூத்துக்குடி மாவட்டம் திருநெல்வேலியிலிருந்து 1986 அக்டோபரில் பிரிந்தது. ‘சிதம்பரனார் மாவட்டம்’, ‘நெல்லை கட்டபொம்மன் மாவட்டம்’ என்று அச்சடித்திருந்தால் அது 1997-க்கு முந்தையதாகத்தான் இருக்க வேண்டும். அந்த ஆண்டில்தான் மாவட்டங்களுக்கு வைத்திருந்த தலைவர்கள் பெயர்களை அரசு எடுத்தது. கிழமையும் தேதியும் சேர்ந்திருந்தால் இன்னும் சுருங்கும். ஒரு தேதி அதே கிழமையில் திரும்பி வர 5, 6 அல்லது 11 வருடம் ஆகும்.

கேசட்டிலேயே துப்பு கிடைக்கும். ‘டூ ஆர் டை’ ரெய்டு (புள்ளி எடுத்தே ஆக வேண்டிய, பாடிப் போகும் முறை) என்று வர்ணனையில் வந்தால் அது 2014-ல் புரோ கபடி வந்து அந்தச் சொல் ஊர் மைதானம் வரை பரவிய பிறகு நடந்த ஆட்டம். புரோ கபடியில் ஆடும் தமிழ் தலைவாஸ் அணி பற்றிப் பேச்சு வந்தால் 2017-க்குப் பிறகு. மண் தரையா, மேட் என்கிற விரிப்பா என்பதும் காலில் எழும் சத்தத்தில் தெரியும், கவனித்துக் கேளுங்கள்.

வானொலியில் பேசியவர்களுக்கு இன்னொரு வசதி உண்டு. நிலையத்துக்கு வெளியே இருந்து அழைக்கப்படுகிறவர்களுக்கு ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் ஒப்பந்தக் கடிதம் வரும். நிகழ்ச்சியின் பெயர், தேதி, நேரம், தொகை எல்லாம் அதில் இருக்கும். பீரோவில் பழைய மின்கட்டண ரசீதுகளுக்கு நடுவில் அந்தக் கட்டு இருக்கலாம், வீட்டுக்காரர்களின் அனுமதியோடு பார்க்கச் சொல்லுங்கள். திருச்சி வானொலி 1939-லும் திருநெல்வேலி வானொலி 1963-லும் தொடங்கியவை. அவர் சொல்லும் வருடம் நிலையம் தொடங்குவதற்கு முன்னால் போனால், வேறு நிலையத்தைச் சொல்கிறார் என்று புரிந்துகொள்ளலாம்.

பெரிய போட்டிகளைச் சரிபார்ப்பது சுலபம். ரஞ்சி, டெஸ்ட் ஸ்கோர்கார்டுகள் இணையத்தில் கிடைக்கின்றன. தமிழ்நாடு ரஞ்சிக் கோப்பை வென்ற 1987–88 சீசனில் இறுதிப் போட்டிக்குப் போயிருந்தேன் என்று ஒருவர் சொன்னால் சில நிமிடத்தில் சரிபார்த்துவிடலாம். ஊர்ப் போட்டிக்குத்தான் உழைக்க வேண்டும். நாளிதழில் அந்தச் செய்தி மாவட்டப் பதிப்பில் மட்டும்தான் வந்திருக்கும். சென்னையில் கன்னிமாரா நூலகம், ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் இரண்டிலும் பழைய தாள்களைத் தேடலாம், ஆனால் உங்களுக்கு வேண்டிய பதிப்பு எது என்று தெரிந்துகொண்டு போங்கள். அதைவிடப் பக்கத்தில், கோப்பை வென்ற அணியின் கேப்டன் வீட்டுச் சுவரில் கண்ணாடி போட்டு மாட்டிய செய்தித் துணுக்கு இருக்கும். சட்டத்தைக் கழற்றிப் பின்பக்கத்தையும் படம் எடுங்கள், தேதி பெரும்பாலும் அங்கேதான் மாட்டும்.

மற்றவர்கள் சொல்வது

வர்ணனையாளரின் வாழ்க்கையில் பாதி கேட்டவர்களிடம் இருக்கிறது. சாரின் மனைவியை நாங்கள் அம்மா என்றுதான் கூப்பிடுவோம். அவர் ஒரு போட்டிக்குக்கூட மைதானத்துக்கு வந்ததில்லை. ஆனால் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, காற்று அந்தப் பக்கம் அடித்தால், முழு ஆட்டத்தையும் ஸ்பீக்கரிலேயே கேட்டிருக்கிறார். ‘‘குரல் கம்முனா பைனல் முடிஞ்சுதுன்னு அர்த்தம். உடனே கஷாயத்தைக் கொதிக்க வைப்பேன்’’ என்றார். சாரிடம் எத்தனை கேட்டிருந்தாலும் இது கிடைத்திருக்காது. அதனால் மனைவியை, பிள்ளைகளைத் தனியாகப் பேச வையுங்கள். அவர் பக்கத்தில் இருந்தால் எல்லோரும் அவரைப் பார்த்துத் தலையை ஆட்டிக்கொண்டிருப்பார்கள்.

நடுவர்களைப் பாருங்கள். நல்ல வர்ணனையாளர் நடுவரின் முடிவை மைக்கில் விமர்சித்துக் கூட்டத்தை உசுப்ப மாட்டார், அதை நடுவர்கள் நன்றியோடு சொல்வார்கள். தோற்ற அணிக்காரர்களையும் விடாதீர்கள். ‘நாங்க தோத்தாலும் அவர் வாயால எங்க பேரு வந்துச்சு’ என்று ஒருவர் சொன்னது எங்கள் பதிவில் எனக்கு மிகவும் பிடித்த இடம்.

ஒரே சம்பவத்தை மூன்று பேர் மூன்று விதமாகச் சொல்வார்கள். மூன்றையும் பெயரோடு வைத்துக்கொள்ளுங்கள். நோட்டீஸோ கேசட்டோ எதற்குப் பொருந்துகிறதோ அதைக் கட்டுரையில் சொல்லுங்கள். எதற்கும் பொருந்தாவிட்டால் ‘இப்படியும் சொல்கிறார்கள்’ என்று எழுதலாம், அதில் ஒரு குறையும் இல்லை.

குரலை எழுத்தில் இறக்குவது

கேசட்டில் உள்ளதைத் தாளில் எழுதும்போது திருத்தாதீர்கள். இதை எவ்வளவு அழுத்திச் சொன்னாலும் தகும். வர்ணனையாளரின் திறமை அவர் எந்த இடத்தில் எந்தத் தமிழுக்கு மாறுகிறார் என்பதில் இருக்கிறது. எங்கள் சாரின் ஒரு ரெய்டை அப்படியே தருகிறேன்:

‘‘பெருமதிப்பிற்குரிய ரசிகப் பெருமக்களே, இதோ நான்காம் எண் ஆட்டக்காரர் பாடி வருகிறார். இடது ஓரத்தை நோட்டமிடுகிறார்... காலை உள்ள விடுதாரு... விடுதாரு... ஏ, புடிச்சிட்டான்! கணுக்காலைப் புடிச்சிட்டான்! விடலை, விடலை... கைய நீட்டுதான், கோடு பக்கத்துல கெடக்கு, இன்னும் ஒரு சாண்... தொட்டுட்டாம்லா! தொட்டுட்டான்! (கூட்டம். மூச்சு.) நடுவரின் முடிவுக்காகக் காத்திருக்கிறோம்.’’

‘வருகிறார்’ என்று மேடைத் தமிழில் தொடங்குகிறது. கால் உள்ளே போனதும் ‘விடுதாரு’ என்று நெல்லைப் பேச்சு வந்துவிடுகிறது. பிடி விழுந்ததும் மரியாதை விகுதியும் போய் ‘நீட்டுதான்’ ஆகிறது. கோட்டைத் தொட்டதும் ‘தொட்டுட்டாம்லா’ என்று பக்கத்தில் நிற்கிறவனிடம் சொல்வது போல வருகிறது. நடுவர் என்ற சொல் வந்ததும் மறுபடி நேராக நின்றுவிடுகிறார். இதையெல்லாம் ‘பிடித்துவிட்டார், நீட்டுகிறார்’ என்று ஒரே மாதிரி திருத்தி எழுதினால் என்ன மிஞ்சும்? பத்திரிகைச் செய்திதான் மிஞ்சும்.

நிறுத்தங்களைப் புள்ளியாலும், கூட்டத்தின் சத்தத்தையும் மூச்சையும் அடைப்புக்குறியிலும் குறியுங்கள். கேட்காத சொல்லை ஊகித்து நிரப்பாமல் ‘விளங்கவில்லை’ என்று போடுங்கள். முடிந்தால் அந்த ஊரில் பிறந்த ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எழுதுங்கள். ஆட்டத்துக்கு நடுவில் வரும் அறிவிப்புகளையும் விடாமல் எழுதுங்கள்: டிராக்டரை ஓரம் எடுக்கச் சொல்வது, வழி தவறிய குழந்தை மேடைக்கு அருகில் இருப்பதாகச் சொல்வது, வெற்றி பெறும் அணிக்கு ஒருவர் அறிவித்த நூற்றியொரு ரூபாய். ஊர் மைக் என்பது ஆட்டத்துக்கு மட்டும் உரியது அல்ல. ஒரே மூச்சில் இத்தனையையும் சொல்லிவிட்டு ஒரு ரெய்டைக்கூடத் தவறவிடாமல் திரும்பி வருவது எவ்வளவு பெரிய திறமை என்பது இப்படி எழுதினால்தான் படிப்பவருக்குத் தெரியும்.

பிறகு கட்டுரையை எழுதுங்கள். வருட வரிசையில்தான் எழுத வேண்டும் என்பதில்லை. அவருடைய நல்ல ஆட்டம் ஒன்றை எடுத்து, அதைச் சுற்றி வாழ்க்கையைச் சொல்லலாம். பிறப்பு, படிப்பு, பணி விவரங்களைக் கடைசியில் ஒரு சின்னக் குறிப்பாகப் போட்டால் போதும். ‘கணீர்க் குரல்’, ‘வெண்கலக் குரல்’ போன்ற அடைமொழிகளை நான் தவிர்ப்பேன். எந்த வர்ணனையாளரைப் பற்றியும் அதையேதான் எழுதுகிறார்கள், ஒருவரை இன்னொருவரிடமிருந்து அதை வைத்துப் பிரிக்க முடியாது.

அனுமதியும் பிரதிகளும்

வெளியிடுவதற்கு முன் அவரிடம் எழுத்தில் சம்மதம் வாங்குங்கள். எதை வெளியிடலாம், எதை வீட்டோடு வைத்துக்கொள்ள வேண்டும் என்று அவரே சொல்லட்டும். அவர் காலமாகியிருந்தால் குடும்பத்தாரிடம் கேளுங்கள். பேட்டி கொடுத்த மற்றவர்களிடமும் அதே. வானொலி ஒலிபரப்பிலிருந்து பதிவு செய்தது என்றால் நிலையத்துக்கும் அதில் உரிமை உண்டு. இந்தியச் சட்டப்படி ஒலிபரப்பு உரிமை, ஒலிபரப்பான ஆண்டுக்கு அடுத்த ஆண்டின் தொடக்கத்திலிருந்து 25 ஆண்டுகள். அதற்குள் வருவதை வெளியிட நிலையத்திடம் அனுமதி கேளுங்கள்.

விக்கிப்பீடியாவில் அவருக்கு ஒரு பக்கம் வேண்டும் என்று ஆசை இருந்தால், நீங்கள் எடுத்த பேட்டி மட்டும் அங்கே சான்றாக நிற்காது, அச்சில் வந்த செய்திகள் வேண்டும். அதனால் மாவட்டப் பதிப்புத் துணுக்குகளின் படங்களைத் தெளிவாக, பத்திரிகையின் பெயரும் தேதியும் தெரியும்படி எடுத்து வையுங்கள்.

கோப்புகளை மூன்று பிரதிகளாக, இரண்டு வகைச் சாதனங்களில், ஒன்றாவது வேறு ஊரில் இருக்கும்படி வையுங்கள். ஒவ்வொரு கோப்புக்கும் ஊர், போட்டி, தேதி, கேசட் கொடுத்தவர் பெயர் நான்கும் தெரியும்படி பெயரிடுங்கள். ‘புதியது 2 பைனல்’ என்று பெயர் வைத்தால் ஐந்து வருடம் கழித்து உங்களுக்கே புரியாது. வருடத்துக்கு ஒரு முறை எல்லாவற்றையும் திறந்து ஓடுகிறதா என்று பாருங்கள். நாங்கள் அதைப் பொங்கல் வாரத்தில் செய்கிறோம், எல்லோரும் ஊரில் இருப்பார்கள் என்பதால்.

கேசட்டைக் கொடுத்தவருக்கு மூலக் கேசட்டைத் திருப்பிக் கொடுங்கள், அதோடு ஒரு பென் டிரைவும் கொடுங்கள். பள்ளி நூலகத்துக்கு ஒன்று, கமிட்டிக்கு ஒன்று. இப்போது மைக் பிடிக்கும் இளைஞருக்கும் ஒன்று கொடுங்கள், அவர்தான் எல்லோரையும்விட அதிகம் கேட்பார்.